“ஆபரேஷன் தாங்குவாரா?”: வயதானவரின் நுரையீரல் அறுவைக்கு எந்தக் கணக்கை நம்புவது?

பெரியப்பாவுக்கு 77 வயது. கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த மார்பு எக்ஸ்ரேயில்தான் அந்தப் புள்ளி தெரிந்தது. அப்புறம் சிடி, பயாப்ஸி, பெட் ஸ்கேன் என்று மூன்று வாரம் ஓடியது. வலது நுரையீரலின் மேல் மடலில் 1.8 செ.மீ. கட்டி, அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்று. பெரியப்பா மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமங்களில் முப்பது வருடத்துக்கு மேல் சைக்கிளில் தபால் கொடுத்தவர். அறுபது வயது வரை பீடி. நாற்பதுகளில் ஒருமுறை டிபி வந்து, மருந்தை முழுதாகச் சாப்பிட்டு முடித்தவர்.

வீட்டில் ஆளாளுக்குக் கேட்டது ஒரே கேள்விதான்: “ஆபரேஷன் தாங்குவாரா?”

பதில்கள்தான் ஒன்றாக இல்லை. புற்றுநோய் மருத்துவர் “முதல் ஸ்டேஜ், ஐந்து வருடத்துக்கு 83 சதவீதம்” என்றார். மயக்க மருந்து மருத்துவர் மூச்சுப் பரிசோதனைத் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வெளிநாட்டில் இருக்கும் தம்பி இணையத்தில் ஒரு கால்குலேட்டரில் விவரங்களைப் போட்டு “3.5 சதவீதம் ரிஸ்க்” என்று அனுப்பினான். குடும்ப டாக்டர் ரத்தத்தில் இருக்கும் புரதத்தைப் பார்த்து “ஆல்புமின் குறைவா இருக்கே” என்றார். அத்தை மட்டும் எந்தத் தாளையும் பார்க்காமல், “இந்த வயசுல எதுக்குக் கத்தி?” என்று முடித்துவிட்டார்.

ஐந்துமே முன்கணிப்புகள். அத்தையுடையதும்தான், அதில் ஒரே ஒரு எண் இருக்கிறது, வயது. எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டதில் எனக்குப் புரிந்தவற்றை எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு அறைக்கும் போனவன், அவ்வளவுதான்.

“தாங்குவாரா” என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன என்பதுதான் முதலில் விளங்கியது. ஆபரேஷன் முடிந்து உயிரோடு வீடு திரும்புவாரா? திரும்பி வந்தவர் பழைய ஆளாக நடமாடுவாரா? புற்று திரும்ப வராமல் எத்தனை வருடம்? நமக்குக் கிடைக்கும் ஒவ்வொரு எண்ணும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றுக்குத்தான் பதில். ஒன்றுக்கான பதிலை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்ளும்போதுதான் குழப்பம் வருகிறது.

83 என்ற எண்

ஸ்டேஜ் அட்டவணை பெரிய கணக்கு. இப்போது பலரும் மேற்கோள் காட்டும் எட்டாம் பதிப்பு, 16 நாடுகளில் 1999 முதல் 2010 வரை கண்டறியப்பட்ட 94,708 பேரின் விவரத்திலிருந்து வந்தது. 1 செ.மீ.க்கு மேல் 2 செ.மீ. வரையிலான கட்டி, நெறிகட்டிகளில் பரவல் இல்லை என்றால் அது 1ஏ2 நிலை. அப்படிப்பட்ட நூறு பேரில் ஐந்து வருடம் கழித்து 83 பேர் இருந்தார்கள். 1 செ.மீ. வரை என்றால் 92 பேர், 2 முதல் 3 செ.மீ. என்றால் 77 பேர். பிறகு ஒன்பதாம் பதிப்பும் வந்துவிட்டது, ஆனால் கட்டியின் அளவுப் பிரிவுகள் மாறவில்லை.

இந்த அட்டவணை கட்டியைப் பற்றி நன்றாகப் பேசும். கட்டியைச் சுமக்கும் ஆளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. ஐம்பது வயது ஓட்டக்காரருக்கும் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு உட்கார்ந்திருக்கும் எண்பது வயதுக்காரருக்கும் ஒரே 83. மீதி 17 பேர் புற்றினால் போனார்களா, மாரடைப்பால் போனார்களா என்பதும் அதில் இல்லை.

வயதானவர்களுக்கு இந்த இரண்டாவது விஷயம் மிக முக்கியம். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் முதல் ஸ்டேஜ் நுரையீரல் புற்றுக்கு அறுவை செய்துகொண்ட 2,186 பேரை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், ஆபரேஷனுக்குப் பின் முதல் இரண்டரை வருடம் வரை, நுரையீரல் புற்றினால் இறந்தவர்களைவிட மற்றக் காரணங்களால் இறந்தவர்களே அதிகம். இதயம், மூச்சு, நிமோனியா, ஆபரேஷனின் பின்விளைவு இவையெல்லாம் அந்த “மற்றக் காரணங்கள்”. அட்டவணை எதைப் பார்க்கவில்லையோ அதுதான் இந்த வயதில் முதலில் ஆளைச் சாய்க்கிறது.

அட்டவணையில் இன்னொரு பள்ளமும் உண்டு. நம் ஊருக்கு அது கொஞ்சம் ஆழமான பள்ளம். பெரியப்பாவின் பெட் ஸ்கேனில் நடுமார்பில் ஒரு நெறிகட்டி லேசாக ஒளிர்ந்தது. அது புற்று என்றால் எட்டாம் பதிப்புக் கணக்கில் அவர் 1ஏ2 இல்லை, 3ஏ. எண் 83-லிருந்து 36-க்கு இறங்கும். சிகிச்சைத் திட்டமே வேறாகிவிடும். ஆனால் பெட் ஸ்கேனுக்குப் புற்றும் ஒன்றுதான், டிபி விட்டுச்சென்ற வீக்கமும் ஒன்றுதான், சர்க்கரையை வேகமாக உறிஞ்சும் எதுவும் அதில் ஒளிரும். மூச்சுக்குழாய் வழியாக உள்ளே விட்ட அல்ட்ராசவுண்ட் கருவியைக் கொண்டு ஊசிபோட்டு எடுத்துப் பார்த்தபோது புற்று அணு இல்லை, பழைய கிரானுலோமாதான், அதாவது டிபி போன்ற நோய் விட்டுச்செல்லும் சிறு முடிச்சுதான் இருந்தது. அந்த ஊசியைப் போடாமல் ஸ்கேனை மட்டும் நம்பி ஒரு முடிவு எடுத்திருந்தால்? இன்றைக்கும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

கால்குலேட்டர் சொன்ன 3.5

தம்பி பயன்படுத்தியது தொராக்கோஸ்கோர். பிரான்ஸில் 15,183 பேரின் விவரத்திலிருந்து செய்து 2007-இல் வெளியிட்டது. ஒன்பது விவரம் கேட்கும்: வயது, பாலினம், மயக்க மருந்துத் துறை தரும் உடல்நிலை மதிப்பெண், அன்றாட இயக்கம், மூச்சிரைப்பு, அவசர ஆபரேஷனா, ஒரு பக்க நுரையீரல் முழுதும் எடுப்பதா, புற்றா இல்லையா, கூடவே உள்ள நோய்கள் எத்தனை. பதில் ஒரே ஒரு சதவீதம்: மருத்துவமனையிலேயே இறந்துபோகும் வாய்ப்பு.

முதல் கேள்விக்கு இது நேரான பதில்தான். ஆனால் வயதானவர் விஷயத்தில் இதன் ஓட்டைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். வயதை இது மூன்று பெட்டிகளாகத்தான் பிரிக்கிறது: 55-க்குக் கீழ், 55 முதல் 65, அதற்கு மேல். 66 வயதும் 86 வயதும் ஒரே பெட்டி! மூச்சுப் பரிசோதனை எண்களை இது கேட்பதே இல்லை. நுரையீரலை வெட்டும் ஆபரேஷனுக்கான கணக்கில் நுரையீரலின் திறன் இல்லை என்பது எனக்கு முதலில் நம்பவே முடியாததாக இருந்தது.

அதைவிடப் புதிது யூரோலங். ஐரோப்பிய மார்பு அறுவை நிபுணர் சங்கத்தின் பதிவேட்டில் இருந்த 47,960 பேரை வைத்துச் செய்தது. ஆபரேஷனுக்குப் பின் எவ்வளவு மூச்சு மிஞ்சும் என்பதையும், மார்பைத் திறந்து செய்வதா துளைவழியே செய்வதா என்பதையும் இது கேட்கும். இரண்டில் ஒன்றை எடுக்கச் சொன்னால் யூரோலங்கைத்தான் எடுப்பேன். இரண்டுமே ஐரோப்பிய உடல்களிலிருந்து, ஐரோப்பிய மருத்துவமனைகளிலிருந்து பிறந்தவை என்பதை மறந்துவிடக் கூடாது. செய்யப்போகும் சர்ஜன் வருடத்துக்கு இருநூறு நுரையீரல் பார்ப்பவரா, பத்து பார்ப்பவரா என்று இரண்டுமே கேட்பதில்லை. அந்தக் கேள்வியை நாம்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்தோம், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

இந்த வகைக் கணக்குகள் எந்த நாளில் கதவை மூடுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் 2007 முதல் 2011 வரை நடந்த 1,24,418 பெரிய நுரையீரல் அறுவைகளை எடுத்துப் பார்த்ததில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் 2.8 சதவீதம், 90 நாளுக்குள் இறந்தவர்கள் 5.4 சதவீதம். ஏறக்குறைய இரண்டு மடங்கு. டிஸ்சார்ஜ் ஆகி மாலை மரியாதையோடு வீட்டுக்கு வந்த பிறகு நிமோனியாவில் போகிறவர்கள் “மருத்துவமனைக்குள் இறப்பு” என்ற கணக்கில் வரவே மாட்டார்கள். “எத்தனை நாள் வரைக்கும் கணக்கு, டாக்டர்?” என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

ஊதச் சொல்வதும் ஏறச் சொல்வதும்

மூச்சுப் பரிசோதனையில் இரண்டு எண்கள் முக்கியம். எஃப்இவி1 என்பது முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்றை வெளியே தள்ள முடிகிறது என்பது. டிஎல்சிஓ என்பது உள்ளே போன காற்றிலிருந்து வாயு ரத்தத்துக்குள் எவ்வளவு கடக்கிறது என்பது. முதலாவது ஊதுகுழலின் பலம் என்றால் இரண்டாவது வடிகட்டியின் தரம். பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு முதலாவது ஓரளவு நன்றாக இருந்தும் இரண்டாவது படுத்துவிட்டிருக்கலாம். சிறிய ஊர்களில் பெரும்பாலும் ஊதிக் காட்டும் ஸ்பைரோமெட்ரியோடு முடித்துவிடுகிறார்கள். நுரையீரலை வெட்டப்போகிறவருக்கு அது போதாது. நான் மேலே சொன்ன நியூயார்க் ஆய்விலும், ஆபரேஷனுக்குப் பின் மிஞ்சக்கூடிய டிஎல்சிஓ குறைவாக இருந்தவர்களுக்குத்தான் கடுமையான பின்விளைவுகளும், ஒரு வருடத்துக்குள் இறப்பும், புற்றல்லாத காரணங்களால் இறப்பும் அதிகம்.

முதல் முறை ஊதியபோது பெரியப்பாவின் எண் மோசமாக வந்தது. பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஊதியதில் உதட்டோரம் காற்று கசிந்திருக்கிறது. மறுநாள் பல்செட்டோடு ஊதினார். எஃப்இவி1 அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 68 சதவீதம், டிஎல்சிஓ 55 சதவீதம். வயதானவரின் முதல் ஸ்பைரோமெட்ரித் தாளை வைத்து யாராவது “முடியாது” என்றால், இன்னொரு தடவை ஊதச் சொல்லுங்கள்.

இனி ஒரு எளிய வகுத்தல். இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 19 கூறுகள் என்று வைத்துக்கொள்கிறார்கள். வலது மேல் மடலில் 3. அதை எடுத்தால் மிஞ்சுவது 16. ஆகவே 68-ஐ 16-ஆல் பெருக்கி 19-ஆல் வகுத்தால் 57, 55-ஐ அப்படியே செய்தால் 46. இந்த இரண்டும் 60-க்கு மேல் இருந்தால் பயமில்லை என்கிறது அமெரிக்க மார்பு மருத்துவர் கல்லூரியின் 2013 வழிகாட்டி. ஏதாவது ஒன்று 30-க்குக் கீழே போனால் சைக்கிள் மிதிக்க வைத்து ஆக்ஸிஜன் பயன்பாட்டை அளக்கும் முழுச் சோதனை வேண்டும். நடுவில் விழுந்தால்? படி ஏறு!

ஆமாம், படிதான். 22 மீட்டர் உயரம், அதாவது சாதாரணக் கட்டடத்தில் ஏழு மாடி. அல்லது இரண்டு கூம்புகளுக்கு நடுவே ஒலிக்கேற்ப வேகம் கூட்டி நடக்கும் ஷட்டில் நடையில் 400 மீட்டர். இதைத் தாண்டினால் ரிஸ்க் குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். தாண்டாவிட்டால் அந்த முழுச் சோதனை. அதில் ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 20 மில்லிக்கு மேல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தினால் நல்லது, 10-க்குக் கீழே என்றால் பெரிய ஆபரேஷனை மறந்துவிட வேண்டியதுதான்.

பெரியப்பா விரலில் ஆக்ஸிஜன் கிளிப்போடு மருத்துவமனைப் படிக்கட்டில் ஏறினார். பிசியோதெரபிஸ்ட் பெண் கூடவே ஏறினார், நானும்தான். ஐந்தாவது மாடியில் நான் நின்றுவிட்டேன். அவர் எட்டாவது மாடிக் கதவைத் தட்டிவிட்டு, “வெயில்ல திருவெண்காடு வரைக்கும் மிதிச்ச காலு இது” என்று சொல்லிவிட்டு இறங்கிவந்தார்.

இவ்வளவு செலவில்லாத, இவ்வளவு பேசுகிற சோதனை இன்னொன்று இல்லை என்பது என் எண்ணம். இதயம், நுரையீரல், கால் தசை, மன உறுதி எல்லாவற்றையும் ஒரே அடியில் பார்த்துவிடுகிறது. குறையும் உண்டு. முழங்கால் தேய்ந்தவர் மூன்றாவது மாடியில் நிற்பார், அது நுரையீரலின் குற்றம் இல்லை.

ஆள் எப்படி இருக்கிறார்

இரண்டாவது கேள்விக்கு வருவோம்: திரும்பி வந்து பழைய ஆளாக இருப்பாரா? சர்ஜன்களின் கணக்குகள் இங்கே கிட்டத்தட்ட ஊமை. முதியோர் மருத்துவம்தான் பேசுகிறது.

எளிதானது கனடாவின் ராக்வுட் குழு 2005-இல் அறிமுகம் செய்த நலிவு அளவுகோல். இப்போது அதில் 1 முதல் 9 வரை படிகள். திடகாத்திரமாக இருப்பவர் 1. பணம், பயணம், கனமான வீட்டு வேலை போன்றவற்றுக்குப் பிறர் துணை தேவைப்படத் தொடங்கினால் 5. இதற்கு ரத்தம் எடுக்க வேண்டாம், கருவி வேண்டாம். நோய் படுத்துவதற்கு இரண்டு வாரம் முன்பு ஆள் எப்படி இருந்தார் என்று வீட்டாரைக் கேட்டாலே போதும். பெரியப்பா 3.

இன்னொன்று ஜி8. பிரான்ஸில் வயதான புற்றுநோயாளிகளுக்காகவே செய்த எட்டுக் கேள்விகள், 17 மதிப்பெண். 14 அல்லது அதற்குக் கீழ் வந்தால் முழுமையான முதியோர் மதிப்பீடு தேவை என்று பொருள். எனக்கு அதிர்ச்சி தந்தது இதுதான். எட்டு மாடி ஏறிய மனிதர் இதில் 11 வாங்கினார். சாப்பாடு குறைந்திருக்கிறது, மூன்று மாதத்தில் இரண்டு கிலோ இறங்கியிருக்கிறது, 1.64 மீட்டர் உயரத்துக்கு 52 கிலோதான், தினமும் நான்கு மாத்திரை. கால்கள் இளமை, தட்டு முதுமை. படிக்கட்டு காட்டாததை எட்டுக் கேள்விகள் காட்டிவிட்டன.

ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. ஜப்பானில் ஒனோதெரா 1984-இல் சொன்ன ஊட்டக் குறியீடு ஒன்று உண்டு: ஆல்புமினைப் பத்தால் பெருக்கி, லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையில் 0.005 பங்கைக் கூட்ட வேண்டும். ஆல்புமின் 3.4, லிம்போசைட் 1,600 என்றால் 34 + 8 = 42. இந்த எண் குறைந்தவர்களுக்கு நுரையீரல் புற்று அறுவைக்குப் பின் ஆயுள் குறைவு என்று பல ஆய்வுகள், குறிப்பாக ஜப்பானிலிருந்து, வந்திருக்கின்றன. ஆனால் எந்த எண்ணுக்குக் கீழே போனால் “குறைவு” என்பதை ஒவ்வோர் ஆய்வும் தன் ஆட்களுக்கு ஏற்றபடி வெவ்வேறு இடத்தில் வெட்டுகிறது. அதனால் இதை வைத்து ஆபரேஷன் வேண்டும் வேண்டாம் என்று யாரும் முடிவு செய்யக் கூடாது. ஆல்புமின் சாப்பாட்டை மட்டும் காட்டுவதுமில்லை, உடலில் அழற்சி இருந்தாலும் அது இறங்கும். நான்கு முட்டை தின்றதும் ஏறிவிடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

ஆனாலும் இந்த எண்கள்மேல் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. வயதையும் கட்டியின் ஸ்டேஜையும் நாம் ஒன்றும் செய்ய முடியாது. தட்டையும் மூச்சையும் கொஞ்சம் செய்ய முடியும். பெரியப்பாவுக்கு மூன்று வாரம் கொடுத்தார்கள். தினமும் முட்டை, மீன், பருப்பு, காலையும் மாலையும் நடை, பந்து ஏறும் அந்த மூச்சுப் பயிற்சிக் கருவி. நமக்கு ஒரு வேலை கொடுக்கும் எண், பயத்தை மட்டும் கொடுக்கும் எண்ணைவிட மேல்.

இங்கே நாங்கள் தவறவிட்டது ஒன்றைப் பிறகு சொல்கிறேன்.

பெரிய பெயரோடு வரும் நோமோகிராம்களை, அதாவது பல விவரங்களுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டி ஆயுளைக் கணிக்கும் வரைபடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சீனாவில் ஏழு மையங்களின் 6,111 நோயாளிகளை வைத்து 2015-இல் வந்தது நல்ல நோமோகிராம். ஆனால் அது எடுத்த நெறிகட்டிகளின் எண்ணிக்கையைக் கேட்கிறது, அதாவது ஆபரேஷன் முடிந்த பிறகுதான் அதைப் போட முடியும். கத்தி வைப்பதா வேண்டாமா என்று யோசிக்கும்போது உதவாது. அதன் துல்லியம் எவ்வளவு தெரியுமா? இரண்டு நோயாளிகளைக் காட்டி யார் அதிக நாள் இருப்பார் என்று கேட்டால், நூறு ஜோடியில் 71 ஜோடிக்குச் சரியாகச் சொல்லும். வெறும் ஸ்டேஜை மட்டும் பார்த்தாலே 68. காசு சுண்டிப் பார்த்தால் 50. ஆறாயிரம் பேரின் விவரமும் கணினியும் சேர்ந்து கொடுத்த கூடுதல் லாபம் மூன்று ஜோடி. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எந்தச் சதவீதத்தைப் பார்த்தும் எனக்குப் பழைய நடுக்கம் வரவில்லை.

மூன்று வழிகள், ஒரே ஆள்

எங்கள்முன் வைக்கப்பட்டவை மூன்று: மேல் மடல் முழுவதையும் எடுக்கும் லோபெக்டமி, கட்டி இருக்கும் கூற்றை மட்டும் எடுக்கும் செக்மென்டெக்டமி, கத்தியே இல்லாமல் சில நாளில் குறிவைத்து முடிக்கும் எஸ்பிஆர்டி கதிர்வீச்சு. ஊரில் கரண்ட் வைப்பது என்பார்களே, அதன் நவீன வடிவம்.

ரொம்ப காலம் லோபெக்டமிதான் சட்டம். 1995-இல் வந்த அமெரிக்க ஆய்வு, குறைவாக வெட்டினால் அதே இடத்தில் புற்று திரும்புவது மூன்று மடங்கு என்று சொல்லிவிட்டது. பிறகு ஜப்பானியர்கள் 1,106 பேரை, 2 செ.மீ. வரையிலான கட்டிகளோடு, இரண்டாகப் பிரித்துப் பார்த்து 2022-இல் வெளியிட்டார்கள். செக்மென்டெக்டமி செய்தவர்களில் அதே பக்கத்தில் புற்று திரும்பியது 10.5 சதவீதம், லோபெக்டமியில் 5.4. எதிர்பார்த்ததுதான். ஆனால் ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் செக்மென்டெக்டமியில் 94.3 சதவீதம், லோபெக்டமியில் 91.1. புற்று அதிகம் திரும்பிய பக்கத்தில் ஆட்கள் அதிகம் பிழைத்திருக்கிறார்கள்! காரணம், லோபெக்டமி பக்கத்தில் வேறு நோய்களால் 52 பேர் இறந்தார்கள், மறுபக்கம் 27 பேர். மிச்சம் வைத்த நுரையீரல், அடுத்து வந்த நோயைத் தாங்க உதவியிருக்கிறது என்றுதான் பலரும் இதைப் படிக்கிறார்கள். அடுத்த வருடமே வந்த அமெரிக்க ஆய்வில், 697 பேரில், மடலில் ஒரு பகுதியை மட்டும் எடுத்ததற்கும் மடல் முழுதும் எடுத்ததற்கும் ஆயுளில் பெரிய வித்தியாசம் இல்லை: ஐந்து வருடத்தில் 80.3 சதவீதமும் 78.9 சதவீதமும்.

கதிர்வீச்சைப் பற்றிய இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்தபோதுதான் எனக்கு எல்லாம் தெளிந்தது. ஆபரேஷனுக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட 55 பேருக்கு எஸ்பிஆர்டி கொடுத்த அமெரிக்க ஆய்வு 2010-இல் வந்தது. மூன்று வருடத்தில் 97.6 சதவீதம் பேருக்குக் கட்டி அடங்கியே இருந்தது. ஆனால் உயிரோடு இருந்தவர்கள் 55.8 சதவீதம்தான். 2021-இல் வந்த இன்னொன்றில், ஆபரேஷன் செய்துகொள்ளத் தெம்பு உள்ள 80 பேருக்கு அதே வகைக் கதிர்வீச்சு. மூன்று வருடத்தில் 91 சதவீதம் இருந்தார்கள், ஐந்து வருடத்தில் 87. இரண்டாவதில் கட்டிகள் கொஞ்சம் சிறியவை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் முதல் ஆய்வில் கட்டி தோற்றுத்தான் போயிருந்தது. மாறியது படுத்திருந்த ஆள்தான்.

இதனால்தான் “80 வயதுக்காரர்களுக்கு ஆபரேஷன் செய்து அருமையான பலன்” என்று வரும் மருத்துவமனைக் கட்டுரைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் படிக்கிறேன். அந்த 80 வயதுக்காரர்களை முதலில் சர்ஜன் பொறுக்கி எடுத்திருக்கிறார். பொறுக்கின மாம்பழத்தை எடைபோட்டுவிட்டு மொத்தத் தோப்புக்கும் விலை சொல்ல முடியாது. அதேபோல, கதிர்வீச்சின் பழைய எண்கள் மோசமாகத் தெரிவது, மோசமான நிலையில் இருந்தவர்கள் அங்கே அனுப்பப்பட்டதால்.

சரி, அப்படியானால் எதை நம்புவது? என் வரிசையைச் சொல்கிறேன். டிஎல்சிஓவும் படிக்கட்டும் முதலில். அடுத்து நலிவு அளவுகோலும் ஜி8-உம். ஊசி போட்டு உறுதிசெய்த ஸ்டேஜ் மூன்றாவது. யூரோலங் போன்றவை, சர்ஜன் சொல்லும் எண்ணைச் சரிபார்க்க மட்டும். ரத்தக் குறியீடுகள், தட்டை நிரப்பச் சொல்லும் நினைவூட்டல். அத்தையின் கணக்கு, அதாவது வெறும் வயது, கடைசி. முதல் இரண்டும் நன்றாக இருந்தால் சிறிய கட்டிக்குச் செக்மென்டெக்டமி, இரண்டுமே சரியில்லை என்றால் யோசிக்காமல் எஸ்பிஆர்டி. ஒன்று நன்றாகவும் ஒன்று மோசமாகவும் இருப்பவர்களுக்குத்தான், பெரியப்பாவைப் போல, நிஜமான தேர்வு இருக்கிறது.

அங்கே எந்தக் கருவியும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. 2002-இல் ஓர் அமெரிக்க ஆய்வில், தீராத நோயுள்ள 60 வயதைக் கடந்த 226 பேரிடம் கேட்டார்கள்: உயிர் பிழைப்பீர்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை வரும் என்றால், சிகிச்சை வேண்டுமா? 74 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நாங்கள் பெரியப்பாவிடம் இதைக் கேட்கவே கூச்சப்பட்டோம். சர்ஜன்தான் கேட்டார்: “ஐயா, எதுக்கு அதிகமா பயப்படறீங்க?”

“செத்துப் போறதுக்கு இல்ல சார். இவங்க என்னைத் தூக்கிட்டுப் போய் பாத்ரூம்ல உட்கார வைக்கிற மாதிரி ஆயிடக் கூடாது.”

சர்ஜன் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். மடல் முழுதும் போனால் டிஎல்சிஓ 46, ஒரு கூறு மட்டும் போனால் 52. கதிர்வீச்சு என்றால் இந்த வெட்டு நஷ்டம் இல்லை, ஆனால் நெறிகட்டிகளை எடுத்துப் பார்க்க முடியாது. பழைய டிபி உள்ளவருக்கு அவற்றை எடுத்துப் பார்ப்பது நல்லது என்பது அவர் கருத்து. பெரியப்பா ஒரு நாள் யோசித்துவிட்டுத் துளைவழி செக்மென்டெக்டமி என்றார்.

தவறவிட்டதைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. இரண்டாம் நாள் இரவு ஐசியூவில் பெரியப்பா எழுந்து உட்கார்ந்து, போர்வையை மடித்து மடித்து அடுக்கி, வீட்டு எண்களையும் பெயர்களையும் உரக்கப் படிக்க ஆரம்பித்தார். முப்பது வருடத்துத் தபால்கள். என்னை யாரென்று தெரியவில்லை. இரண்டு இரவு அப்படியே போனது. வயதானவர்களுக்குப் பெரிய ஆபரேஷனுக்குப் பின் இப்படித் தற்காலிகமாக மனம் குழம்புவது சகஜமாம். மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்லி, ஒரு கடிகாரம் வரையச் சொல்லும் மூன்று நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது, யாருக்கு இந்தக் குழப்பம் வரக்கூடும் என்று அது முன்பே ஓரளவு காட்டும். அந்த மருத்துவமனையில் யாரும் செய்யவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. ஃபைலில் இருந்த அத்தனை எண்களிலும் அவர் மனதைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

மூன்றாம் நாள் காலையில் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து “சாப்டியாடா?” என்றார். எடுத்துப் பார்த்த நெறிகட்டிகளில் புற்று இல்லை. இப்போது எட்டு மாதம் ஆகிறது, டீக்கடை வரைக்கும் நடந்து போகிறார். சைக்கிளை மட்டும் விட்டுவிட்டார், மூச்சால் இல்லை, முழங்கால் வலிக்கிறதாம். அடுத்த சிடி கார்த்திகையில்.